ஜெனியின் கடைசி வாரம்: மான்ட்ரியல் நாட்குறிப்பு

ஜூலை 27, 2025, ஞாயிறு (ரயிலில்)

கனடாவின் டென்னிஸ் வீராங்கனை யூஜெனி பூஷார், எங்களுக்கெல்லாம் ஜெனி, ஓய்வை அறிவித்தது இந்த மாதம் 16-ஆம் தேதி. டென்னிஸ் தொடங்கிய ஊரிலேயே முடித்துக்கொள்கிறேன், மான்ட்ரியல் போட்டிதான் கடைசி என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரியே எனக்கும் அண்ணன் மகளுக்கும் ரயில் டிக்கெட் எடுத்தேன். அவளுக்கு வயது 15. பள்ளி அணியில் ஆடுகிறாள். டென்னிஸ் என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவாள், ஆனால் அவளுடைய நாயகிகள் எல்லாம் வேறு.

"அத்தை, அவங்க சிங்கிள்ஸ்ல ஜெயிச்சது மொத்தமே ஒரு டைட்டில்தானே? அதுக்கா இவ்வளவு தூரம்?" டொரோண்டோ யூனியன் ஸ்டேஷனில் வண்டி ஏறும்போதே கேட்டுவிட்டாள்.

கணக்கு சரிதான். 2014 மே மாதம் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் கரோலினா பிளிஸ்கோவாவை வென்று வாங்கியது ஒன்றே ஒன்று. கனடாவில் ஜெனி பூஷார் என்று பேச்செடுத்தாலே "ஒரு வருஷம் மின்னிட்டுப் போயிட்டா" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை. அந்த ஒரு வருஷம் எவ்வளவு பெரியது என்பதும் அவர்களுக்கு மறந்துவிட்டது, அதற்குப் பிறகு அவர் மட்டையைக் கீழே வைக்காமல் ஆடிய காலமும் மறந்துவிட்டது. இரண்டையும் இவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதால்தான் கையோடு அழைத்துக்கொண்டு வந்தேன்.

என் கதை நுங்கம்பாக்கத்தில் ஆரம்பிக்கிறது. 2022 செப்டம்பரில் சென்னையில் முதல்முறையாக டபிள்யூடிஏ (மகளிர் டென்னிஸ் சங்கம்) போட்டி நடந்தது. அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்த நேரம். ஆடுவோர் பட்டியலில் பூஷார் பெயரைப் பார்த்ததும் நம்ப முடியவில்லை. விம்பிள்டன் இறுதிச்சுற்றில் ஆடியவர், உலகத் தரவரிசையில் 5-ஆம் இடம் வரை போனவர், சென்னை செப்டம்பர்ப் புழுக்கத்தில் '250' பிரிவைச் சேர்ந்த ஒரு சின்னப் போட்டிக்கு வந்து நிற்கிறார். 2021-இல் தோளில் அறுவை சிகிச்சை ஆகி, பதினேழு மாதம் கோர்ட் பக்கமே வராமல், அப்போதுதான் திரும்பியிருந்தார். முதல் சுற்றில் ஸ்விட்சர்லாந்தின் ஜோயன் சூகரை வென்றார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் டபிள்யூடிஏ வெற்றி அதுதான்.

அடுத்து நம் கர்மன் கௌர் தாண்டி. அரங்கமே கர்மன் பக்கம். நானும் கர்மனுக்குத்தான் கை தட்டினேன். முதல் செட் 6-2 என்று பூஷாருக்குப் போனது. இரண்டாவதில் கர்மன் விடாமல் தொங்கி டைபிரேக் (6-6 ஆனதும் செட்டை முடிவு செய்யும் கேம்) வரை இழுத்தார். கேலரியில் இருந்து பார்க்கும்போது பூஷாரின் முகம் நன்றாகவே தெரிந்தது. எதிராளிக்கு இவ்வளவு கூச்சல், எட்டு வருஷத்துக்கு முன்னால் விம்பிள்டன் செண்டர் கோர்ட்டில் நின்ற பெண் இவர், ஆனாலும் ஒவ்வொரு பாயிண்டுக்கும் முதல் பாயிண்ட் மாதிரி முஷ்டியை இறுக்கிக்கொண்டார். டைபிரேக்கையும் ஜெயித்தார். காலிறுதியில் அர்ஜென்டினாவின் நாடியா போடோரோஸ்காவிடம் தோற்றார். அந்த வாரம் சென்னையில் பட்டம் வாங்கிய கனடாக்காரர் வேறொருவர்: ஒட்டாவாவின் கேப்ரியலா டப்ரோவ்ஸ்கி, பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானியோடு சேர்ந்து இரட்டையரில் வென்றார். இதே டப்ரோவ்ஸ்கிதான் 2017-இல் நம் ரோஹன் போபண்ணாவுடன் பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர் பட்டம் வென்றவர். கனடாவின் பெண் ஒருவர் கிராண்ட் ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகள்) பட்டம் வென்றது அதுவே முதல்முறை.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் ஒன்டாரியோ ஏரி ஜன்னல் பக்கம் வந்துவிட்டது. போர்ட் ஹோப் தாண்டிச் சிறிது தூரம் தண்டவாளம் தண்ணீரை ஒட்டியே போகிறது. கிங்ஸ்டனில் பாதி வண்டி காலி. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, ஆனாலும் நெடுஞ்சாலை 401-இல் காரை ஓட்டிக்கொண்டு வருவதற்கு இது சொர்க்கம்.

ஜூலை 28, திங்கள் (ஜாரி பூங்கா)

தங்கியிருப்பது பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியில். தெருமுனையில் தோசைக் கடை, பக்கத்தில் புடவைக் கடை, எதிரே கிரேக்கர்களின் பேக்கரி. தமிழ்க் குரல் கேட்காமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் ஜாரி பூங்கா. மெட்ரோவில் வருகிறவர்களுக்கு நீலக் கோட்டில் டெ காஸ்டெல்னோ நிலையம் பக்கம்.

இந்த அரங்கத்துக்கு ஒரு பூர்வ கதை இருக்கிறது. முதலில் இது பேஸ்பால் மைதானம். மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணி 1969 முதல் 1976 வரை இங்கேதான் ஆடியது. அமெரிக்காவுக்கு வெளியே நடந்த முதல் மேஜர் லீக் ஆட்டம் 1969 ஏப்ரலில் இங்கே நடந்தது. வலது பக்க வேலிக்கு அப்பால் ஊர்ப் பொது நீச்சல் குளம். பிட்ஸ்பர்க்கின் வில்லி ஸ்டார்ஜெல் அடித்த பந்து ஒருமுறை நேரே அந்தக் குளத்தில் போய் விழுந்ததாம். குளம் இன்னமும் இருக்கிறது, வெயிலுக்குக் குழந்தைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். 1984-இல் போப் இரண்டாம் ஜான் பால் திருப்பலி நிறைவேற்றியதும் இந்தப் பூங்காவில்தான். தொண்ணூறுகளில்தான் டென்னிஸ் அரங்கமாக மாற்றிக் கட்டினார்கள். பழைய பேஸ்பால் படிக்கட்டுகளின் ஒரு பகுதி மைய கோர்ட்டின் கேலரியாக அப்படியே நிற்கிறது. இப்போது பெயர் ஐஜிஏ அரங்கம். சுமார் 12,000 பேர் உட்காரலாம்.

1981 முதல் ஒரு வருஷம் ஆண்கள் இங்கே, பெண்கள் டொரோண்டோவில். அடுத்த வருஷம் மாறிக்கொள்வார்கள். இந்த வருஷம் பெண்கள் இங்கே வந்தது ஜெனிக்கு வாய்த்தது.

இந்த கோர்ட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014 ஆகஸ்ட். விம்பிள்டன் இறுதிச்சுற்று முடிந்து ஒரு மாதம். ஊர் முழுக்க அவருடைய படம். இருபது வயதுப் பெண் சொந்த ஊருக்கு வந்து, முதல் ஆட்டத்தில், தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்த அமெரிக்காவின் ஷெல்பி ரோஜர்ஸிடம் 0-6, 6-2, 0-6 என்று தோற்றார். இரண்டு செட்டில் ஒரு கேம்கூட இல்லை. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தாங்கவில்லை. அந்தப் பெண் எப்படித் தாங்கினாரோ. பதினொரு வருஷம் கழித்து, விடைபெறுவதற்கு இதே கோர்ட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எனக்கு இதைவிடப் பெரிய துணிச்சல் வேறொன்று தோன்றவில்லை.

ராத்திரி ஆட்டம். எதிரே கொலம்பியாவின் எமிலியானா அராங்கோ. எங்களுக்கு இடம் மேல் வரிசையில், பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் பின்பக்கக் கோடு) நேர் பின்னால் கிடைத்தது பாக்கியம். ஏனென்றால் ஜெனியின் ஆட்டம் பக்கவாட்டில் பார்த்தால் புரியாது. அவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் கோட்டுக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் பின்னால் நின்று பந்து எழும்பி இறங்கும் வரை காத்திருப்பார்கள். இவர் கோட்டின் மேலேயே நிற்பார், பல சமயம் உள்ளே. பந்து தரையில் பட்டு எழும்பும்போதே, உச்சிக்குப் போகுமுன் அடித்துவிடுவார். பொங்குகிற பாலை வழிவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்குகிற மாதிரி. அந்த நொடி தப்பினால் எல்லாம் போச்சு. ஆனால் அது வாய்த்துவிட்டால் எதிராளிக்குக் கால் திருப்பக்கூட நேரம் கிடைக்காது. தட்டையான இரண்டு கை பேக்ஹேண்ட், கோட்டை ஒட்டி நேராகப் பாயும்.

"இப்படி நின்னா கோச் என்னைத் திட்டுவார் அத்தை."

"திட்டத்தான் செய்வார். ஆனா 2014-ல உலகமே இவங்களைப் பார்த்துத் திணறினது இந்த நிலையாலதான்."

இன்று அந்த நொடி பாதி நேரம் வாய்த்தது. முதல் செட் 6-4. இரண்டாவது செட்டில் கால் கனத்துவிட்டது, 2-6. ரொம்ப நாளாக அதிகம் ஆடாத உடம்பு. கடந்த வருஷம் முதல், டென்னிஸ் மாதிரியே சின்ன கோர்ட்டில் ஆடும் பிக்கிள்பால் தொழில்முறைப் போட்டிகளில்தான் அதிகம் ஆடியிருக்கிறார். மூன்றாவது செட் ஆரம்பத்தில் என் பக்கத்து இருக்கைப் பெரியவர், கையில் ஒரு சிறு கொடியோடு, "அலே ஜெனி" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் மனைவி அவரை உட்காரச் சொல்லிச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார், பிறகு அவரும் எழுந்துவிட்டார். 6-2.

கடைசி ஆட்டம் இன்றில்லை. புதன் ராத்திரி வரைக்கும் அவர் இன்னும் டென்னிஸ் வீராங்கனைதான். அரங்கத்தை விட்டு வெளியே வரும்போது அண்ணன் மகள் என்னைவிட வேகமாக நடந்தாள், புதன்கிழமை டிக்கெட் இருக்கிறதா என்று போனில் தேடிக்கொண்டே.

ஜூலை 29, செவ்வாய் (வெஸ்ட்மவுண்ட்)

இன்று ஆட்டம் பார்க்கப் போகவில்லை. ஜெனி வளர்ந்த வெஸ்ட்மவுண்ட் பகுதியில் காலை முழுக்க நடந்தோம். மவுண்ட் ராயல் மலைச்சரிவில் ஏறும் தெருக்கள், கல் வீடுகள், பெரிய மேப்பிள் மரங்கள், அதிகம் ஆங்கிலம் பேசும் ஊர். பணக்காரப் பகுதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்பா முதலீட்டு வங்கித் துறையில் இருந்தவர். 1994 பிப்ரவரி 25 அன்று இரட்டைக் குழந்தைகளாகப் பிறந்தார்கள், அக்காள் பியாட்ரிஸ் ஆறு நிமிடம் மூத்தவர். இருவருக்கும் பிரிட்டிஷ் இளவரசிகளின் பெயர். பிறகு ஒரு தங்கை, ஒரு தம்பி. நால்வரில் டென்னிஸைப் பிடித்துக்கொண்டு விடாதவர் இவர் ஒருவர்.

வசதியான வீட்டுப் பெண்தானே என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பன்னிரண்டு வயதில் அம்மாவோடு ஃபுளோரிடா போய்விட்டார், நிக் சவியானோவிடம் பயிற்சி பெற. அப்பாவும் உடன்பிறந்தவர்களும் இங்கே. அந்த வயதில் இரட்டைப் பிறவியைப் பிரிந்து இருப்பது எந்தப் பணத்தாலும் சமன் ஆகாது. இதைச் சொன்னபோது அண்ணன் மகள் பதில் பேசவில்லை. அவளுக்குத் தம்பியோடு தினமும் சண்டைதான், ஆனாலும்.

பதினைந்து வயது வாக்கில் மான்ட்ரியல் திரும்பினார். அப்போது கனடா டென்னிஸ் சங்கம் ஜாரி பூங்காவிலேயே தேசியப் பயிற்சி மையம் நடத்திக்கொண்டிருந்தது. 2007-இல் தொடங்கியது. பிரான்ஸிலிருந்து லூயி போர்ஃபீகா என்ற பயிற்சியாளரை வரவழைத்துப் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். அங்கே வந்த முதல் தலைமுறையில் கனடா வீரர் மிலோஷ் ராவ்னிச்சும் இருந்தார். குளிர்காலம் ஐந்து மாதம் உள்ள நாட்டில் டென்னிஸ் வளர வேண்டுமானால் கூரை போட்ட கோர்ட்டும், நிரந்தரப் பயிற்சியாளரும், பயணத்துக்குப் பணமும் வேண்டும். அதுவரை இங்கே திறமை பிறந்தும் வேறிடம் போய்விட்டது. மேரி பியர்ஸ் இதே மான்ட்ரியலில் பிறந்தவர்தான், பிரான்ஸுக்காக ஆடி இரண்டு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்றார். கிரெக் ருசெட்ஸ்கியும் இங்கே பிறந்தவர், பிரிட்டனுக்குப் போனார். ஜெனி போகவில்லை.

2012 விம்பிள்டன் ஜூனியர் இறுதிச்சுற்றில் எலினா ஸ்விடோலினாவை 6-2, 6-2 என்று வென்றார். கனடாவுக்கு ஜூனியர் ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் பட்டம் அதுவரை யாரும் வாங்கித் தந்ததில்லை. 2013-இல் டபிள்யூடிஏவின் சிறந்த புதுமுகம். அதற்குப் பிறகு 2014.

மலை உச்சியின் பார்வை மேடையில் உட்கார்ந்து அந்த வருஷத்தை மாதம் மாதமாக அவளுக்குச் சொன்னேன். ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன். காலிறுதியில் அனா இவானோவிச்சை வென்று அரையிறுதிக்குப் போனார். கனடாவின் பெண் ஒருவர் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் அரையிறுதிக்கு வந்து அப்போது முப்பது வருஷம் ஆகியிருந்தது: 1984 அமெரிக்க ஓபனில் கார்லிங் பாசெட். மெல்போர்னில் ஒரு இளைஞர் கூட்டம் 'ஜெனி ஆர்மி' என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து பாட்டுப் பாடியது, வென்றதும் துணிப் பொம்மையைக் கொடுத்தது. லீ நாவிடம் தோற்றார், லீ நா பட்டம் வாங்கினார்.

மே மாதம் நியூரம்பெர்க் பட்டம். அது முடிந்த கையோடு பிரெஞ்சு ஓபன், மறுபடியும் அரையிறுதி. முதல் செட்டை 6-4 என்று எடுத்து, மரியா ஷரபோவாவிடம் அடுத்த இரண்டையும் 5-7, 2-6 என்று இழந்தார். ஷரபோவா பட்டம் வாங்கினார். ஜூன் கடைசியில் விம்பிள்டன். ஆறு சுற்றிலும் ஒரு செட்கூட விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி மூன்றும் அலிஸே கார்னே, ஏஞ்சலிக் கெர்பர், சிமோனா ஹாலெப். கனடாவில் பிறந்து கனடாவுக்காக ஆடி கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதிக்கு வந்த முதல் ஆள், ஆண் பெண் இருபாலரிலும். இறுதியில் பெட்ரா குவிட்டோவா ஐம்பத்தைந்தே நிமிடத்தில் 6-3, 6-0 என்று முடித்துவிட்டார். குவிட்டோவா அன்று ஆடிய ஆட்டத்துக்கு எதிரே யார் நின்றிருந்தாலும் அதே கதிதான் என்பது என் துணிபு.

"அப்போ மூணு ஸ்லாம்லயும் ஜெயிச்சவங்ககிட்டதான் தோத்தாங்களா?"

"ஆமாம்மா. மூணு தடவையும்."

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அந்த வருஷம் அக்டோபரில் தரவரிசை 5. அப்போதுவரை கனடாவின் எந்தப் பெண்ணும் அந்த உயரத்துக்குப் போனதில்லை, பாசெட் 8 வரை போயிருந்தார். இருபது வயதில், ஒரே பருவத்தில், மூன்று வேறு தரைகளில் இரண்டு அரையிறுதியும் ஒரு இறுதியும். 'ஒரு வருஷம்' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் அப்படி ஒரு வருஷம் வாழ்ந்த எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்கள்?

மாலையில் ஜான்-டாலோன் சந்தை. கூடை கூடையாக ஸ்ட்ராபெர்ரி, கடைக்காரர்கள் துண்டு வெட்டிக் கொடுத்து ருசி பார்க்கச் சொல்கிறார்கள். ராத்திரி பூட்டீன் வேண்டும் என்று அவள் அடம். உருளை வறுவல் மேல் பாலாடைக்கட்டித் துண்டும் குழம்பும். எனக்குப் பார்க்-எக்ஸில் மசால் தோசை போதுமாக இருந்தது.

ஜூலை 30, புதன் (கடைசி ஆட்டம்)

பகல் முழுக்க மனசு ஒரு நிலையில் இல்லை. ராத்திரி எதிராளி பெலிண்டா பென்சிச், ஒலிம்பிக் தங்கம் வென்றவர், போன வருஷம் குழந்தை பெற்றுத் திரும்பி வந்து இந்த மாதம் விம்பிள்டன் அரையிறுதி ஆடியவர். எப்படியும் இன்றோடு முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதனால் மீதிக் கதையைப் பகலிலேயே சொல்லிவிட்டேன். 2014 முடிவில் சவியானோவைப் பிரிந்தார். 2015-இல் தோல்வி மேல் தோல்வி. நேரம் கணித்து அடிக்கிற ஆட்டக்காரருக்கு மனசில் சந்தேகம் நுழைந்தால் கை ஒரு கணம் தாமதிக்கும். அந்த ஒரு கணம்தான் அவர் ஆட்டமே. பின்னால் நின்று பாதுகாப்பாக ஆடும் மாற்று வழி அவரிடம் இல்லை, அதைக் கற்றுக்கொள்ளவும் அவர் விரும்பவில்லை. அந்த ஏப்ரலில் இதே ஊரில் ருமேனியாவுக்கு எதிரான ஃபெட் கோப்பையில் (நாடுகளுக்கு இடையிலான பெண்கள் அணிப் போட்டி) எதிராளியோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ள மறுத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்காது. இரண்டு ஆட்டத்திலும் தோற்றார், ஊரே திட்டியது.

செப்டம்பரில் அமெரிக்க ஓபன். கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய ஆட்டம் திரும்பி நான்காவது சுற்றுக்கு வந்துவிட்டார். ராத்திரி நிக் கிரியோஸோடு கலப்பு இரட்டையர் ஆடிவிட்டு உடற்பயிற்சிச் சிகிச்சை அறைக்குள் போனவர், சுத்தம் செய்யும் திரவம் தெளித்திருந்த தரையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது. மூளை அதிர்ச்சி. நான்காவது சுற்றில் ரொபெர்டா வின்சியோடு ஆட முடியாமல் விலகினார். அந்த வின்சிதான் அப்புறம் அரையிறுதியில் செரீனா வில்லியம்ஸையே சாய்த்தவர். பூஷார் வழக்குப் போட்டார். 2018 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்ற ஜூரி, விபத்துக்கு அமெரிக்க டென்னிஸ் சங்கம் 75 சதவீதம் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது, பிறகு சமரசமாக முடிந்தது. தீர்ப்பு வந்தது. போன வருஷங்கள் வரவில்லை.

அத்தோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பணம் இருந்தது, விளம்பரம் இருந்தது, பெயர் இருந்தது. அவர் சின்னப் போட்டிகளின் தகுதிச் சுற்றுகளில் ஆடிக்கொண்டே இருந்தார். 2017-இல் மாட்ரிட்டில் ஷரபோவாவை வென்றார். 2020-இல் இஸ்தான்புல் இறுதி, 2021 மார்ச்சில் மெக்சிகோவில் இன்னொரு இறுதி, அங்கே தோள் போனது. பிறகு சென்னை. 2023 நவம்பரில் செவில் நகரில் கனடா முதல்முறையாக பில்லி ஜீன் கிங் கோப்பையை (பழைய ஃபெட் கோப்பைதான்) வென்றபோது அந்த அணியில் அவரும் இருந்தார். லெய்லா ஃபெர்னாண்டஸ், மரினா ஸ்டாகுசிச் ஒற்றையர்களை ஜெயித்தார்கள், ஜெனி பெஞ்சிலிருந்து கத்தினார். 2014-இல் அவரைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த வயதுப் பெண்கள் அவர்கள்.

இனி ராத்திரி.

முதல் செட் பென்சிச்சுக்கு 6-2. அரங்கம் அடங்கிப் போயிற்று. இரண்டாவது செட்டில் அவர் கோட்டின் மேல் போய் நின்றார். பந்துகள் கோட்டை முத்தமிட ஆரம்பித்தன. இப்போது கோட்டு நடுவர்கள் கிடையாது, எல்லாம் கணினிக் குரல். 'அவுட்' என்று அது சொல்லாத ஒவ்வொரு பந்துக்கும் பன்னிரண்டாயிரம் பேர் மூச்சு விட்டார்கள். 6-3. ஒரு செட் சமம். அண்ணன் மகள் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

மூன்றாவது செட் 4-6. கடைசிவரை பக்கம் பக்கமாகவே போனது. தோற்றவருக்காக அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. பென்சிச் வலையருகே அவரை வெகு நேரம் அணைத்துக்கொண்டார், பிறகு கோர்ட்டை அவருக்கே விட்டுவிட்டு ஒதுங்கினார். அந்தப் பெருந்தன்மைக்காகவே பென்சிச் எனக்குப் பிடித்துப்போனார்.

பூச்செண்டு கொடுத்தார்கள். குடும்பம் வந்தது. ஜெனி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அழுதார், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசினார். சின்ன வயதில் இந்தக் கேலரியில் உட்கார்ந்து, என்றாவது இந்த கோர்ட்டில் ஆட மாட்டோமா என்று கனவு கண்டதைச் சொன்னார். என் பக்கத்து இருக்கை அம்மாள் பையில் துழாவிக் காகிதக் கைக்குட்டை எடுத்து, ஒன்றை எனக்கு நீட்டிவிட்டு, இன்னொன்றால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர் மொழி தெரியாது, "மெர்ஸி" மட்டும் சொன்னேன்.

இதே வாரம் இதே அரங்கத்தில் கனடாவின் 18 வயது விக்டோரியா எம்போக்கோ, முன்னாள் ஆஸ்திரேலிய ஓபன் சாம்பியன் சோஃபியா கெனினை 6-2, 6-3 என்று ஊதித் தள்ளியிருக்கிறார். 2019-இல் செரீனாவை வென்று கனடாவின் முதல் ஒற்றையர் கிராண்ட் ஸ்லாமை வாங்கிய பியான்கா ஆண்ட்ரீஸ்கு, முதல் சுற்றை ஜெயித்தும் கணுக்கால் பிசகி விலக வேண்டியதாகிவிட்டது. பாவம், எத்தனை காயம் அந்தப் பெண்ணுக்கும். ஜெனி இறுதிக்குப் போய் ஐந்து வருஷத்தில் ஆண்ட்ரீஸ்கு பட்டம் வாங்கினார், ஏழு வருஷத்தில் லெய்லா அமெரிக்க ஓபன் இறுதிக்குப் போனார், அவரும் மான்ட்ரியலில் பிறந்தவரே. கனடாவின் பெண் அங்கே வரை போக முடியுமா என்று யாரும் இப்போது கேட்பதில்லை. 2014-க்கு முன்னால் கேட்டார்கள்.

ஜூலை 31, வியாழன் (திரும்பும் ரயில்)

காலையில் ஊருக்குக் கிளம்பும் முன் ஜாரி பூங்காவின் பொது கோர்ட்டில் அரை மணி நேரம் ஆடினோம். அதாவது அவள் ஆடினாள், நான் பந்து போட்டேன். பேஸ்லைன் மேலேயே நின்று எழும்பும் பந்தை அடிக்கிறேன் என்று பிடிவாதம். நிறைய பந்து வேலிக்குப் போனது. நான்கு பந்து, நான் எண்ணவில்லை, அவள்தான் எண்ணிச் சொன்னாள், சரியாக விழுந்தது. டொரோண்டோ போனதும் கோச்சிடம் இதைப் பற்றிப் பேசப் போகிறாளாம். அவர் பாடு.

ரயிலில் இப்போது கார்ன்வால் தாண்டிவிட்டோம். அவள் 2014 விம்பிள்டன் அரையிறுதியை, ஹாலெப்போடு ஆடியதை, போனில் முழுசாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதல் செட் டைபிரேக்குக்குப் போனது, இரண்டாவது 6-2.

பயணம் போக நினைப்பவர்களுக்கு: அடுத்த வருஷம் பெண்கள் போட்டி டொரோண்டோவில், யோர்க் பல்கலைக்கழக வளாகத்து சோபீஸ் அரங்கத்தில். முதல் சில நாட்களுக்குப் போங்கள். டிக்கெட் மலிவு, வெளி கோர்ட்டுகளில் வேலியை ஒட்டி நின்றே பார்க்கலாம், பெயர் தெரியாத பெண்கள் ஆடுவதை நாலடி தூரத்தில் பார்க்கக் கிடைக்கும். இரட்டையர் ஆட்டம் இருந்தால் டப்ரோவ்ஸ்கியைத் தவறவிடாதீர்கள். தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் கட்டாயம்.